குளத்தில் எண்ணெய் கலந்தால்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தின் ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது. எண்ணெய்தானா?

பதில்: ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால், அது இரும்பைத் தின்னும் பாக்டீரியாக்களின் வேலை, பயம் வேண்டாம். சுழன்று இழுபட்டு மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

கேள்வி: தண்ணீர் இறைக்கும் இஞ்சினிலிருந்து டீசல் ஒழுகிக் குளத்தில் கலந்துவிட்டது, அக்கா. இரண்டு நாளில் படலம் போய்விட்டது. மீன் ஒன்றும் செத்து மிதக்கவில்லை. இனிக் கவலையில்லைதானே?

பதில்: இருக்கிறது, தம்பி. டீசலில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் நீரில் கரையும், மிச்சம் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். பெரிய மீன் விலகி நீந்திவிடும். முட்டை எங்கே போகும்? எண்ணெய் கலந்த நீரில் வைத்த மீன் முட்டைகளை லென்ஸ் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஓடு கண்ணாடி போல இருப்பதால் உள்ளே குஞ்சின் இதயம் துடிப்பது தெரியும். நல்ல நீரில் சீராகத் துடிக்கும் அந்த இதயம், இதில் சுற்றிலும் நீர் கோத்து, பை போல உப்பி, மந்தமாகிக் கிடந்தது. சிலவற்றுக்கு முதுகே வளைந்திருந்தது. இப்படிப்பட்டவை பொரிந்து வந்தாலும் பிழைப்பது கடினம். அடுத்த வருடம் மீன் குறையும்போது யாருக்கும் டீசல் ஞாபகம் வராது, அதுதான் எனக்கு வருத்தம்.

விராலுக்கு இன்னொரு ஆபத்து. அது மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். அதன் செந்நிறக் குஞ்சுகளும் நீர்மட்டத்திலேயே கூட்டமாகத் திரியும். படலம் இருந்த அந்த இரண்டு நாளும் மேலே வந்தபோதெல்லாம் வாயில் டீசல்தான் பட்டிருக்கும்.

கேள்வி: சோப்புப்பொடி தூவினால் எண்ணெய் போய்விடுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மேலே மிதப்பதைத் துளித்துளியாக்கி அடிவரை கலந்துவிடும், செவுளையும் கெடுக்கும். வைக்கோல் பிரிகளைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு எண்ணெயைக் கரையோரம் ஒதுக்குங்கள். அப்புறம் பழைய சாக்கால் ஒற்றி எடுங்கள். அந்தச் சாக்கைக் குளத்திலேயே அலசிவிடாதீர்கள்.

கேள்வி: கொசுப்புழுவைக் கொல்லப் பழைய இஞ்சின் ஆயில் ஊற்றலாமா?

பதில்: கொசுப்புழு வாலிலுள்ள குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டி மூச்சுவிடும், ஆயில் அதை அடைக்கும் என்பது சரிதான். ஆனால் கொசுப்புழுவைத் தின்னும் நீர்வண்டும் மேலே வந்துதான் காற்று எடுக்கிறது. அதுவும் சாகும். குளத்தில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: கச்சா எண்ணெய் எப்போதும் மிதக்கும் இல்லையா?

பதில்: இல்லை. 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகனில் குழாய் வெடித்து, 30 லட்சம் லிட்டர் அளவுக்கு எண்ணெய் கலமசூ ஆற்றில் கலந்தது. கரைப்பான் சேர்த்து இளக்கிய தார் போன்ற எண்ணெய் அது. கரைப்பான் ஆவியானதும் கனமானது அடியில் தங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆமைகளைப் பிடித்துக் கழுவினார்கள். 2014இலும் ஆற்றின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: டீசல் கலந்த குளத்து மீனைச் சாப்பிடலாமா?

பதில்: மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வேண்டவே வேண்டாம். வாடை இல்லாவிட்டாலும் சில வாரம் பொறுங்கள். மீனின் ஈரல் இந்த நஞ்சை ஓரளவு கழித்துவிடும். நத்தைக்கும் சிப்பிக்கும் அந்தத் திறன் குறைவு, உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு நத்தைக் கறி கொடுக்கும் வீடுகள் உங்கள் ஊரில் இருந்தால், இந்தப் பருவம் அந்தக் குளத்தில் நத்தை எடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.