இனி அந்த வாடகையை வாங்காதீர்கள்

கேள்வி: அப்பா மலேசியாவில், நெகிரி செம்பிலானின் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் சீவியவர். தோட்டம் கைமாறி லயங்களை உடைத்தபோது சேமநிதிப் பணத்தைப் போட்டு ரோட்டோரம் இரண்டரை ஏக்கர் வாங்கினார். இப்போது கிராண்ட், அதாவது நிலப் பட்டா, என் பெயரிலும் தங்கை பெயரிலும் இருக்கிறது. போன வருடம் மார்ச்சில் ஒருவர் ரீசைக்கிள் ஸ்டோர் போடுகிறேன் என்று கேட்டார். மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்) வாடகை, 2,400 முன்பணம், இரண்டு வருட ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு முத்திரை போடவில்லை. இப்போது நிலம் முழுக்கக் குப்பை. ராத்திரியில் லோரி வந்து கொட்டுகிறது. நாற்றம் தாங்காமல் கோயில் தலைவர் என்னைச் சபையில் வைத்துத் திட்டிவிட்டார். கவுன்சிலரிடம் மூன்று தடவை போனேன், ஒன்றும் நடக்கவில்லை. குப்பை அதிகாரிகள் வந்து படம் எடுத்துப் போனார்கள். போன வாரம் நில அலுவலகத்திலிருந்து, நில நிபந்தனை மீறலைச் சரிசெய்யச் சொல்லி 7ஏ நோட்டீஸ், 30 நாள் தவணை. வாடகைக்காரர் ஜூனிலிருந்து போனை எடுப்பதில்லை. அவருடைய அண்ணன் மட்டும் வீட்டுக்கு வந்து, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் குப்பையை எடுத்துவிடுகிறோம் என்றார், கோபத்தில் விரட்டிவிட்டேன். வாடகைக்காரர்மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா? குப்பையை அள்ள அரசாங்க மானியம் கிடைக்குமா?

பதில்: ஐயா, நீங்கள் எழுதியது நான்கு பக்கம், அதைத்தான் மேலே சுருக்கியிருக்கிறேன். மூன்றரைப் பக்கம் கவுன்சிலரைப் பற்றியும் கோயில் சபையில் நடந்ததைப் பற்றியும் இருந்தது. அப்பா வியர்வை சிந்தி வாங்கிய மண்ணில் ஊர்க் குப்பை கிடப்பதைப் பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் அந்த மூன்றரைப் பக்கத்தில் எதுவும் இந்த விவகாரத்தில் உங்களுக்கு உதவாது, தயவுசெய்து ஓரமாக வையுங்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "ஜனவரியில் குப்பையைப் போட்டோ பிடித்து வாடகைக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், சீக்கிரம் மாற்றிவிடுகிறேன் பாஸ் என்றான், மே வரைக்கும் வாடகை ஒழுங்காக வந்தது." உங்கள் தலையெழுத்து முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது.

ஜனவரி வரைக்கும் நீங்கள் ஏமாற்றப்பட்ட நிலச் சொந்தக்காரர். பிப்ரவரி வாடகை உங்கள் கணக்கில் விழுந்ததிலிருந்து, தெரிந்தே இடம் கொடுத்தவர் என்று உங்களைச் சொல்ல வழி பிறந்துவிட்டது. நான்கு மாதம், 4,800 வெள்ளி. பேங்க் கணக்கு அறிக்கையும் அந்த வாட்ஸ்அப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டால் நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடுவது கஷ்டம்.

நெகிரி செம்பிலான் 672-ஆம் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலம், அதாவது 2007-இன் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2011 செப்டம்பரில். சிலாங்கூரும் பேராக்கும் அதை ஏற்கவில்லை, அதனால் சிலாங்கூரில், கிள்ளானில் இருக்கும் உங்கள் மச்சான் "முனிசிபல் கம்பவுன் (வழக்குக்குப் போகாமல் கட்டும் தண்டம்) கட்டினால் முடிந்தது" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதை மறந்துவிடுங்கள், அது அவர் மாநிலத்துக் கதை. உங்கள் ஊரில் வந்து படம் எடுத்தது, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் திடக்கழிவுக் கழகமான எஸ்.டபிள்யூ.கோர்ப் ஆட்களாகத்தான் இருக்கும். அனுமதியில்லாத இடத்தில் குப்பை கொட்டுவதற்கு அந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவில் குறைந்தபட்ச அபராதமே 10,000 வெள்ளி, அதிகபட்சம் 100,000, அல்லது ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கேள்வி லோரி ஓட்டியவனோடு நிற்காது, இடம் கொடுத்தவரிடமும் வரும்.

7ஏ நோட்டீஸ் இதிலிருந்து முழுக்கத் தனி. நிலம் மாநில அரசின் அதிகாரம், அதைக் கவனிப்பது தேசிய நிலச் சட்டத்தொகுப்பு. உங்கள் கிராண்ட் விவசாயப் பிரிவு. குப்பையை விடுங்கள், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரீசைக்கிள் ஸ்டோரே முதல் நாளிலிருந்து நிபந்தனை மீறல்தான். 7ஏ என்பது சரிசெய் என்ற உத்தரவு, சரிசெய்யாவிட்டால் அடுத்தது நிலத்தை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்ற விசாரணை. பறிமுதல் என்றால் உங்கள் தங்கையின் பாதியும் சேர்ந்து போகும். அவர் வாடகையில் ஒரு காசு வாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அது நிலத்தைக் காப்பாற்றாது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் இன்று ராத்திரியே சொல்லுங்கள், மறைக்க மறைக்க அண்ணன் தங்கைக்குள் இன்னொரு வழக்கு முளைக்கும்.

சரி, இனி நான் உண்மையிலேயே பயப்படுவது எதற்கு என்று சொல்கிறேன். இப்படி நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கெட்டது குப்பை கொட்டப்பட்டதால் இல்லை, அதற்கப்புறம் பதற்றத்தில் அவர்கள் செய்ததால்.

நான் அதிகம் பார்த்தது மலிவு லோரி. நோட்டீஸ் தேதி நெருங்குகிறது, லைசென்ஸ் உள்ள நிறுவனம் ரோரோ தொட்டிக்கு (லோரியில் ஏற்றும் பெரிய குப்பைத் தொட்டி) இவ்வளவு, குப்பைக்கிடங்கு கட்டணம் இவ்வளவு என்று பெரிய தொகை சொல்கிறது, அப்போது டீக்கடையில் யாரோ ஒருவர் "ஒரு லோரிக்கு 300 கொடுங்கள், நாளைக் காலையில் இடம் சுத்தமாக இருக்கும்" என்கிறார். இடம் சுத்தமாகத்தான் ஆகும். அந்தக் குப்பை ஐந்து மைல் தள்ளி வேறொருவருடைய செம்பனைக் காட்டிலோ பழைய ஈயக் குட்டையிலோ கிடக்கும், அங்கே அதிகாரிகள் கிளறும்போது உங்கள் வாடகைக்காரர் பெயர் போட்ட ரசீதோ உங்கள் வீட்டு நம்பர் எழுதிய ஏதோ ஒரு தாளோ கிடைக்கும், லோரிக்காரனைப் பிடித்தால் அவன் முதலில் சொல்லும் பெயர் உங்களுடையது. இதுவரை மற்றவன் கொட்டினான் என்று சொல்ல உங்களுக்கு இடமிருந்தது. இப்போது காசு கொடுத்துக் கொட்டவைத்தவர் நீங்கள். என்னிடம் வந்த ஒரு ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) இப்படித்தான் 1,500 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் நீதிமன்றத்தில் நின்றார், முதல் நோட்டீசில் அவர்மேல் இருந்த சந்தேகம் சின்னது, இரண்டாவதில் தப்பிக்க வழியே இல்லை. ஆகவே எடுப்பவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது, குப்பை எந்தக் கிடங்குக்குப் போனது, அங்கே எடை போட்ட சீட்டு எங்கே என்று ஒவ்வொரு நடைக்கும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்தச் சீட்டுகள்தான் நில அலுவலகத்தில் உங்களுக்காகப் பேசும்.

இன்னொன்று தீ. கொளுத்திவிட்டால் பாதி குறையும் என்று தோன்றும், பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்வார். வேண்டவே வேண்டாம். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் உங்கள் இடத்தில் தீ எரிந்தாலே சொந்தக்காரரோ அங்கே கட்டுப்பாடு உள்ளவரோ எரித்ததாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அதனால் வேறு யாராவது வந்து கொளுத்திவிடாமல் இருக்கவும் நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும், வாசலை அடைக்க முடியாவிட்டாலும் ஓர் அறிவிப்புப் பலகையும் ஒரு போலீஸ் புகாரும் இருக்கட்டும்.

அப்புறம் தோங்குகள், அதாவது பீப்பாய்கள். மூலையில் நீல நிறத் தோங்குகளும் பழைய கார் பேட்டரிகளும் கிடப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைத் தொடாதீர்கள், மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். பேட்டரியும் கெமிக்கல் இருந்த தோங்கும் சாதாரணக் குப்பை இல்லை, 2005-இன் ஒழுங்குமுறைப்படி தனி எண் போட்டுக் கணக்கு வைக்கும் ஆபத்தான கழிவு, அதை எடுக்க லைசென்ஸ் வேறு, போகும் இடம் வேறு, சுற்றுச்சூழல் துறையின் கணினிப் பதிவு வேறு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கெமிக்கல் கொட்டி ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனதிலிருந்து இந்த விஷயத்தில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை, சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 2024 திருத்தத்துக்குப் பிறகு சில குற்றங்களுக்கு உச்ச அபராதம் 10 மில்லியன் வெள்ளி. அதிகாரிகள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்களே சுற்றுச்சூழல் துறைக்கு எழுதிக் கொடுத்தவர் என்று இருப்பதும், அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று இருப்பதும் ஒன்றில்லை. இந்த வாரமே எழுதுங்கள்.

விசாரணையில் என்ன சொல்வது என்பதிலும் பலர் விழுகிறார்கள். பயத்தில் "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். உங்களுக்குத் தெரியும் ஐயா. ஜனவரி போட்டோ உங்கள் போனில் மட்டுமில்லை, வாடகைக்காரன் போனிலும் இருக்கிறது, அவன் மாட்டிக்கொண்டால் முதலில் காட்டுவது அதைத்தான். தெரிந்ததும் கேட்டேன், மாற்றுவதாகச் சொன்னான், நம்பினேன், வாடகை தானாகக் கணக்கில் விழுந்தது, இது உண்மை, இதைச் சொல்லலாம். ஆனால் ஒரு லாயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், அந்தப் போட்டோவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அவன் திடீரென்று ஜூன், ஜூலை வாடகையைப் போட்டுவிட்டால்? போடுவான், விவரம் தெரிந்தவன் போடுவான், நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள் என்று காட்ட. வாங்காதீர்கள். கணக்கில் விழுந்தால் அதே நாளில் திருப்பி அனுப்பி, ஒப்பந்தம் முறிந்தது, இது வாடகையாக ஏற்கப்படவில்லை என்று எழுதி வையுங்கள். அதோடு பூட்டை மாற்றி வேலி அடைத்து அவனை வெளியே தள்ளுவதும் கூடாது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் உள்ளே இருக்கும் வாடகைக்காரரை நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்ற 1950-இன் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் விடாது.

மானியம் கேட்டீர்கள். தனியார் நிலத்தில் வாடகைக்காரர் கொட்டியதை அள்ளச் சொந்தக்காரர் கையில் அரசாங்கம் பணம் கொடுத்து நான் என் தொழிலில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பழைய குப்பை மேடுகளை மூடப் பணம் ஒதுக்கினார்கள் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள், அது பொதுக் குப்பைக் கிடங்குகளுக்கு. மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் முன்பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

மானநஷ்ட வழக்கு வேண்டாம். கோயில் சபையில் உங்களைத் திட்டியது வாடகைக்காரர் இல்லை, அவன்மேல் அந்த வழக்கே நிற்காது. ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குப் போடலாம், ஆறு வருடம் அவகாசம் இருக்கிறது, ஆனால் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்காது, இப்போது போய்த் தாமத அபராதத்தோடு முத்திரை போட வேண்டும், அது சின்ன வேலை. பெரிய வேலை அடுத்தது: விவசாய நிலத்தில் ஸ்டோர் போட ஒப்பந்தம் போட்டதே சட்டத்துக்குப் புறம்பு, 1950-இன் ஒப்பந்தச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி அது செல்லாது என்று அவன் லாயர் சொல்வார். வெற்றி பெற்றாலும் வாங்குவது யாரிடம்? போனை எடுக்காதவனிடம் சொத்தும் இருக்காது. அதற்குள் 30 நாள் போய்விடும், நில அலுவலகம் உங்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்காது.

அதனால் நீங்கள் விரட்டிவிட்ட அந்த அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள். ஒத்துப்போங்கள். முன்பணம் 2,400-ஐத் திருப்பிக் கொடுங்கள், இரண்டு மாத வாடகையையும் விட்டுவிடுங்கள், உங்களுக்கு வேண்டியது பணமில்லை, காலி நிலமும் எடைச் சீட்டுகளும். ஆனால் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்துவிடக் கூடாது, முதல் பத்து நடைச் சீட்டு வந்தால் இவ்வளவு, பாதி இடம் காலியானால் இவ்வளவு, நிலத்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால் மீதி என்று லாயர் எழுதிய ஒரு தீர்வு ஒப்பந்தத்தில் வையுங்கள். அவர்கள் எடுப்பதாகச் சொல்வது போதாமல் போனால் மீதியை உங்கள் செலவில் லைசென்ஸ் நிறுவனத்தை வைத்து எடுக்கத் தயாராக இருங்கள், தங்கையோடு பேசி இப்போதே தொகையை ஒதுக்குங்கள். வலிக்கும், தெரியும். இரண்டரை ஏக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பந்தத்தில் "போலீஸ் புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது, குற்ற வழக்கைப் பணம் பேசி நிறுத்துகிற ஒப்பந்தம் செல்லாது, உங்களுக்கே புதுச் சிக்கலாகும். அதிகாரிகளை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்து கையெழுத்துப் போடுங்கள்.

எஸ்.டபிள்யூ.கோர்ப் கம்பவுன் கொடுத்தால் லாயரிடம் காட்டாமல் கட்டிவிடாதீர்கள், கட்டிவிட்டு 7ஏ-வும் முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்தும் விடாதீர்கள். நில அலுவலகத்துக்கு நாள் முடிவதற்கு முன்னாலேயே கடிதம் போக வேண்டும்: இன்ன தேதியில் வேலை ஆரம்பித்தது, இத்தனை நடை போனது, சீட்டுகள் இணைப்பில், இன்னும் இத்தனை நாள் வேண்டும். நாள் முடிந்த பிறகு போகும் கடிதத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அந்த அண்ணன் நம்பர் உங்கள் தங்கை கணவரிடம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், தங்கையிடம் பேசும்போது அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். கிராண்ட் நகல், வாடகை ஒப்பந்தம், ஜனவரியிலிருந்து பேங்க் அறிக்கை, வாட்ஸ்அப் முழுவதும், 7ஏ நோட்டீஸ் வந்த கவர், இவற்றோடு சிரம்பானிலோ பகாவிலோ நிலவழக்குப் பார்க்கும் ஒரு லாயரை நாளைக்கே பாருங்கள்.