பதில்: ஸ்பீக்கர் கரகரப்புக்கு வெள்ளிப் பிளக் தேவையா?

அண்ணே, ஆர்சிஏ பிளக்கை (ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியைக் கொண்டுபோகும் வயரின் முனை) திருகினால் இடது ஸ்பீக்கர் கரகரப்பு நிற்கிறது, கடைக்காரர் 180 ரிங்கிட்டுக்கு வெள்ளிப் பிளக் போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள்.

வெள்ளி, செம்பைவிட 5, 6 சதவீதம்தான் கூடுதலாக மின்சாரம் கடத்தும். தங்கம் செம்பைவிடக் குறைவு. பித்தளை இன்னும் மோசம், செம்பில் கால்பங்கு சொச்சம். ஆனால் பிளக்கின் நீளமே சில சென்டிமீட்டர். அதன் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் வரும். ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுத் தடையோ பொதுவாக 10,000 ஓமுக்கு மேல். அந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் எட்டாது.

தங்க முலாம் பூசுவதே களிம்பு ஏறாமல் இருக்கத்தான். நம்ம சுங்கை சிப்புட் ஊர் ஈரத்துக்கு அது உண்மையிலேயே உதவும். வெள்ளி, காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். வீடு ரப்பர் தோட்டத்துப் பால் கொட்டகை ஓரமா? ரப்பர் பாலில் சேர்க்கிற அம்மோனியா பித்தளையையும் அரிக்கும்.

திருகினால் சரியாகிறது என்றால் அழுக்கு, தளர்வு, அல்லது உள்ளே ஈயப்பற்று விட்டிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு பிளக், சாக்கெட் இரண்டையும் துடையுங்கள். காய்ந்த அப்புறம் இடது, வலது வயர்களை இரு முனையிலும் மாற்றி மாட்டுங்கள். கரகரப்பு வலதுக்குப் போனால் வயர்தான் கோளாறு; இறுக்கமாக உட்காரும் சாதாரண வயரே போதும். இடதிலேயே நின்றால் சாக்கெட்டை ரிப்பேர்காரரிடம் காட்டிப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.