மான்ட்ரியல் ஒப்பந்தம் என்றால் என்ன? எல்லா நாடுகளும் ஏன் அதில் சேர்ந்தன?

ஓசோன் படலத்தை அரிக்கும் ரசாயனங்களைப் படிப்படியாகக் கைவிட, 1987-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் உருவான உலக உடன்பாடு இது. பழைய ஃபிரிட்ஜ், ஏசி, ஸ்பிரே டப்பாக்களில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள்தான் இதில் முக்கியமானவை. எந்த நாட்டில் கசிந்தாலும் அவை உலகம் முழுக்கப் பரவும். மேலே போனதும் அவற்றிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனைச் சிதைக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். ஒரு வீட்டில் குழாயை மூடாமல் விட்டாலும் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் நின்றுவிடும்.

சரி, வளரும் நாடுகள் ஏன் ஒப்புக்கொண்டன? இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது என்பேன். அவற்றுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தது. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான செலவுக்கு 1990-ல் பொது நிதி ஒன்றும் ஏற்பாடானது. இந்தியா 1992-ல் சேர்ந்தது. அப்புறம், சேராத நாடுகளோடு இந்த ரசாயனங்களை வாங்கவோ விற்கவோ கட்டுப்பாடும் இருந்தது. 2009-க்குள் ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் உள்ளே வந்துவிட்டன. அண்டார்க்டிகாவின் மேல் உள்ள ஓசோன் துளை இப்போது மெல்ல ஆறி வருகிறது.

ஓசோன் துளை வழியாக வெயில் அதிகம் இறங்குவதால்தான் பூமி சூடாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, துளையால் அதிகமாக வருவது தோலையும் கண்ணையும் பாதிக்கும் புற ஊதாக் கதிர், பூமி சூடாவதற்கு முதன்மைக் காரணம் நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் சேரும் கரியமில வாயு.