ட்ரோம்சோவிலிருந்து லாங்யர்பியென்: தூரமும் நேரமும்

வடக்கு நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்யர்பியெனுக்கு விமானத்தில் போவது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சார், மேப்பில் இரண்டுக்கும் நடுவே பெரிய கடலே கிடக்கிறது. நிஜத்தில் எவ்வளவு தூரம்?

சுமார் 960 கி.மீ. மேப்பை நம்பாதீர்கள். உருண்டை பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வரைந்த படம் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்து விரிக்கும். இந்த வழியின் நடுவே, 74 டிகிரி அட்சரேகை வாக்கில், மூன்றரை மடங்கு. நீங்களே கணக்குப் போடலாம். ட்ரோம்சோ வடக்கே 69.7 டிகிரி, லாங்யர்பியென் 78.2. டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 950ஐ நெருங்கிவிடும். மேற்கே மூன்றரை டிகிரி விலகல் வேறு இருக்கிறதே என்பீர்கள். அவ்வளவு வடக்கில் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் ஒரு டிகிரி வெறும் 31 கி.மீ. தான். 950 கி.மீ. வடக்கே போகிறவர் நூறு கி.மீ. பக்கவாட்டில் ஒதுங்கினால் மொத்தத்தில் ஐந்தாறு கி.மீ. தான் கூடும்.

கேள்வி: ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகுமே, டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள்?

800 என்பது உயரே போய்ச் சேர்ந்த பிறகு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட்டில் நேரம் போடுகிறார்கள். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். வானம் தெளிந்திருந்தால் பாதி வழி தாண்டியதும் கரடித் தீவு தெரியலாம். வழியில் இருக்கும் நிலம் அது ஒன்றுதான்.

கேள்வி: அண்ணா, நார்வே விசா இருக்கிறது. போதுமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்வால்பார்ட் நார்வேயுடையதுதான், ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. அங்கே போக விசா தேவையில்லை, திரும்பி வரத் தேவை! ஒருமுறை நுழையும் விசா என்றால் போகும்போதே அது தீர்ந்துபோகும். இருமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். கிளம்பும்போது பாஸ்போர்ட் சோதனை உண்டு, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் இருட்டாமே, அப்போதும் விமானம் வருமா?

வரும். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை சூரியன் எழாது; ஓடுபாதை விளக்கு எரியும், அவ்வளவுதான். லாங்யர்பியென் விமான நிலையம் 1975இல் திறந்தது. அதற்கு முன்பு இலையுதிர்காலத்தில் கடைசிக் கப்பல் போய்விட்டால் ஊரே வசந்தம் வரை ஏறக்குறைய அடைபட்டுக் கிடக்கும். இருட்டைவிட நிலம்தான் தலைவலி. ஓடுபாதை உறைமண்ணின் மேல், அதாவது ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலத்தின் மேல், இருக்கிறது. மேல்மண் இளகி உறைவதில் தளம் மேடு பள்ளமாகும், திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரிக்கும் இதே வழிதானா?

ஆமாம். 2008இல் தொடங்கிய ஹிமாத்ரி நீ-ஓலெசுண்டில் இருக்கிறது. லாங்யர்பியெனிலிருந்து இன்னும் நூறு கி.மீ. சொச்சம். சாலை கிடையாது. சிறு விமானத்தில் அரைமணிக்குள் போய்விடலாம். ஆனால் அது ஆய்வு ஊர், அந்த விமானத்தில் நினைத்தவுடன் சீட்டு வாங்கி ஏற முடியாது.