எங்கள் கடற்கரை ஊர்களுக்கு ஒரு விக்கி தொடங்க வேண்டும்: மீடியாவிக்கியா, டோக்குவிக்கியா, எப்படி நிறுவுவது?

டோக்குவிக்கி போடுங்கள்.

நீங்கள் சொன்ன நிலைமை இதுதானே: சிபேனல் (பிரவுசரிலேயே தளத்தை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஒரு சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர்), தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை மீன், வலை, காற்று, படகு பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுத ஐந்தாறு பேர், அதில் யாரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. இதற்கு மீடியாவிக்கி தேவைக்கு மேலான சுமை. விக்கிப்பீடியாவே அதில்தான் ஓடுகிறது, அருமையான மென்பொருள், ஆனால் எழுதியதெல்லாம் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளத்துக்குள் போய்விடும். அதைத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும், படங்களைத் தனியாக எடுக்க வேண்டும், பதிப்பு மாற்றும்போது தரவுத்தளத்தையும் புதுப்பிக்க வேண்டும். அது தெரிந்த ஒரே ஆள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் விக்கி அப்படியே நின்றுவிடும், நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிற விஷயம்.

2004-இல் ஆண்ட்ரியாஸ் கோர் வெளியிட்ட டோக்குவிக்கியில் தரவுத்தளமே கிடையாது. ஒரு பக்கம் என்றால் ஒரு டெக்ஸ்ட் பைல், அவ்வளவுதான். பாம்பன் பக்கம் இப்படி ஒரு விக்கியை நானும் பார்த்துக்கொள்கிறேன். முன்பு நாங்கள் இருந்த ஹோஸ்டிங் நிறுவனம் சேவையை நிறுத்தியபோது, கையில் இருந்த ஜிப்பை வேறொரு சர்வரில் ஏற்றி விரித்தோம், பக்கங்கள் எல்லாம் பழைய திருத்தங்களோடு அப்படியே திறந்தன. அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

நிறுவுவது சுலபம். டோக்குவிக்கி தளத்தில் டவுன்லோடு பக்கத்தில் மொழிகளில் தமிழையும் டிக் செய்து பொதியை இறக்குங்கள், சிபேனலின் பைல் மேனேஜரில் பப்ளிக் எச்டிஎம்எல் போல்டருக்குள் ஏற்றி விரியுங்கள், டோக்குவிக்கி ஓடுவதற்கான நிரல்மொழியான பிஎச்பியில் 8 வரிசையில் ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், தளத்துக்கான இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பிரவுசரில் உங்கள் முகவரிக்குப் பின்னால் இன்ஸ்டால் பிஎச்பி பைலின் பெயரை (install.php) போட்டால் ஒரு படிவம் வரும். விக்கியின் பெயர், நிர்வாகியின் பெயர், கடவுச்சொல், யார் படிக்கலாம் யார் எழுதலாம், எந்த உரிமத்தில் வெளியிடுகிறீர்கள் என்று கேட்கும். நிரப்பிச் சேமித்த உடனே அந்த இன்ஸ்டால் பைலை அழித்துவிடுங்கள்.

சரி, இனிமேல்தான் முக்கியமான இடம். முதல் தமிழ்ப் பக்கத்தை உருவாக்கும் முன் நிர்வாகிக்கான அமைப்புப் பக்கமான கான்பிகரேஷன் மேனேஜருக்குள் போய், ஆங்கிலம் அல்லாத பைல் பெயர்களை எந்த முறையில் சேமிப்பது என்ற அமைப்பை மாற்றுங்கள். அங்கே யூஆர்எல், சேஃப், யூடிஎப்-8 என்று மூன்று இருக்கும், தானாக வருவது யூஆர்எல். கம்ப்யூட்டரில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூடிஎப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். யூஆர்எல் முறையில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. லினக்ஸ் சர்வர்களில் பொதுவாக ஒரு பைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. 'கச்சான் காற்றில் வலை விடும் முறை' என்று ஒரு தலைப்பு வைத்துப் பாருங்கள். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகத்தான் எண்ணப்படும், எனவே இதில் 28 குறிகள், அதாவது 252 எழுத்து. இடைவெளிக்குப் பதில் விழும் 4 அடிக்கோடுகளும் கடைசியில் வரும் புள்ளி டிஎக்ஸ்டியும் சேர்ந்தால் 260. பக்கம் சேமிக்கவே சேமிக்காது, ஏன் என்றும் எழுதுகிறவருக்குப் புரியாது. பழைய திருத்தங்களைச் சேமிக்கும் பைல்களின் பெயரில் நேர எண்ணும் ஒட்டிக்கொள்வதால் அங்கே இடம் இன்னும் குறைவு.

யூடிஎப்-8 முறையில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஜிப்பை விண்டோஸில் விரிக்கும்போது சில சமயம் தமிழ்ப் பெயர்கள் சிதைந்துவிடும். சேஃப் முறை சுருக்கமாகவும் இருக்கும், பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒன்றிரண்டு குறியும் மட்டுமே வருவதால் எங்கே கொண்டுபோனாலும் உடையாது. நான் சேஃப்தான் சொல்வேன். பக்கங்கள் சேர்ந்த பிறகு இதை மாற்றினால் பழைய பக்கங்களை விக்கியால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது டேட்டா போல்டர். எழுதியது எல்லாம் அதற்குள்தான் இருக்கும், வெளியாள் யாரும் பிரவுசரில் நேராக அதைத் திறக்கக்கூடாது. அப்பாச்சி சர்வரில் கூடவே வரும் எச்டிஅக்சஸ் பைல் தடுத்துவிடும். என்ஜின்எக்ஸ் என்ற வேறு சர்வர் மென்பொருள் என்றால் ஹோஸ்டிங்காரரிடம் சொல்லித் தடுப்பு விதி எழுதச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு டெக்ஸ்ட் பைலின் முகவரியை அடித்துப் பாருங்கள், அனுமதி இல்லை என்று வந்தால் நல்லது.

உங்களுக்கு இது வெறும் பாதுகாப்பு விதி இல்லை. பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும் இடங்களின் ஜிபிஎஸ் எண்களையும் பெரியவர்கள் நம்பிச் சொல்வார்கள். அது அவர்களின் பிழைப்பு. அதற்கெனத் தனிப் பெயர்வெளி (பக்கங்களைப் பிரித்து வைக்கும் போல்டர் போன்றது) வைத்து, பொதுப் பயனருக்கு அனுமதியே இல்லாமல், சொன்னவர்கள் ஒப்புக்கொண்ட குழுவுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். அந்த இடங்களின் படங்களையும் அதே பெயர்வெளிக்குள்தான் ஏற்ற வேண்டும். கடலில் போனில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிந்திருக்கலாம், ஏற்றும் முன் நீக்கச் சொல்லிக் கொடுங்கள். அந்த எண்களை எழுதவே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எழுதாதீர்கள்.

யார் வேண்டுமானாலும் தானாகப் பதிந்துகொள்ளும் வசதியை மூடிவிடுங்கள், கணக்கை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள். திறந்து வைத்தால் விளம்பரக் குப்பை கொட்டும்.

படம் ஏறவில்லை என்ற புகார் கட்டாயம் வரும். பிஎச்பியில் தானாக இருக்கும் வரம்பு ஒரு பைலுக்கு 2 எம்பி, இப்போதைய போன் படங்கள் அதைத் தாண்டிவிடும். சிபேனலின் பிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரில் அதைக் கூட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் மீடியாவிக்கி மேல். சீலா என்று பக்கம் வைத்தால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்று தேடுவார். மீடியாவிக்கியில் ஒரு வரி எழுதினால் அங்கிருந்து இங்கே திருப்பிவிடும், டோக்குவிக்கியில் அதற்கு ஒரு பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட வேண்டும். போட்டுவிடுங்கள், எக்ஸ்டென்ஷன் மேனேஜரிலேயே கிடைக்கும்.

வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரையே சர்வராக வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிம் இணைப்பில் பொதுவாக வெளியிலிருந்து உள்ளே வர முகவரி கிடைக்காது, மழைக்காலத்தில் கரண்ட் நிலையில்லை, உப்புக்காற்று பெட்டியை அரித்துவிடும். அந்தக் கம்ப்யூட்டர் வேறொன்றுக்கு உதவும்: வாரம் ஒருமுறை சர்வரிலிருந்து டேட்டா, கான்ப் என்ற இரண்டு போல்டர்களையும் இறக்கி அதில் வையுங்கள், டேட்டாவுக்குள் இருக்கும் கேஷ், டெம்ப், லாக்ஸ் மட்டும் தேவையில்லை. இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். புதிய பதிப்பு வந்தால் நிர்வாகியாக உள்ளே போகும்போது விக்கியே சொல்லும், பேக்கப் எடுத்துவிட்டுப் பழையதன் மேலேயே புதியதை விரித்தால் போதும்.

இதையெல்லாம் ஏப்ரல் 15-க்கு முன் முடித்துவிடப் பாருங்கள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், உட்கார்ந்து பேச ஆட்கள் கரையில் கிடைப்பார்கள்.