நிப்பிளைத் தளர்த்தியதும் சில்லு சுற்றியதென்றால், யார் மேல் வழக்கு?

கேள்வி: அப்பா விட்டுப்போன 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் கார் ஒன்றை உப்புவெளியில் வைத்திருக்கிறேன். பதினான்கு மாதத்துக்கு முன் கொழும்பு உதிரிப்பாக வியாபாரி ஒருவரிடம் குறிப்பிட்ட ஒரு பிராண்டைப் பெயர் சொல்லிக் கேட்டு, முன் பிரேக் கேலிப்பர் (சில்லோடு சுற்றும் டிஸ்க்கைப் பேட்டுகளால் அமத்திப் பிடிக்கும் பாகம்) ஒரு சோடி புதிதாக 165,000 ரூபாவுக்கு வாங்கினேன். காசை வங்கியில் போட்டேன், சாமான் பஸ் பார்சலில் வந்தது. பில்லில் 'ஒரு வருட வாரண்டி' என்று இருக்கிறது. திருகோணமலையிலுள்ள ஒரு கராஜில் பூட்டினோம். கராஜ் பில்லில் கேலிப்பர், பேட், பிரேக் ஒயில், கூலி எல்லாம் உண்டு. போன மாதம் ஹபரணையிலிருந்து திரும்பும்போது கந்தளாய்க்குக் கிட்ட வலது முன் சில்லில் புகை. கராஜ்காரர் வந்து நிப்பிளை (கேலிப்பரிலிருந்து ஒயிலை வெளியே விடும் சின்னத் திருகை) தளர்த்தியதும் ஒயில் பீறிட்டு அடித்தது, சில்லு சுற்றிற்று. பிறகு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். 'சாமான் பழுது' என்கிறார் கராஜ்காரர். வியாபாரியோ வாரண்டி முடிந்தது, உப்புக் காற்று, பூட்டினவன் பிழை என்று அடுக்கிக்கொண்டு போகிறார். போனில் மிகக் கேவலமாகப் பேசினார். இப்போது, 'கழற்றி அனுப்புங்கோ, பார்த்துச் சொல்றன்' என்கிறார். டிஸ்க், பெயாரிங், லொறிக் கூலி, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 12 இலட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அப்பாவின் கார் என்பதும் வியாபாரியின் வாய் கெட்டது என்பதும் நீதிமன்றத்துக்குத் தேவையில்லாதவை. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வசனம் ஒன்றுதான்: நிப்பிளைத் தளர்த்தியதும் ஒயில் பீறிட்டது, சில்லு சுற்றிற்று. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வியாபாரியின் சட்டத்தரணி கையில் அது கிடைத்தால் முழு எதிர்வாதத்தையும் அதன் மேல்தான் கட்டுவார்.

ஏனென்றால், கேலிப்பருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால் நிப்பிளைத் திறந்தாலும் சில்லு விடாது. ஒயில் போன பிறகும் பிஸ்டன் பேட்டை அமத்திக்கொண்டேதான் நிற்கும். திறந்தவுடன் விட்டதென்றால் உள்ளே அடைபட்ட அழுத்தம் இருந்திருக்கிறது. சூட்டில் ஒயில் விரிந்ததால் பீறிட்டது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் திரும்பிப்போகப் பாதை திறந்திருந்தால் விரிந்த ஒயில் மேலே பிரேக் ஒயில் டாங்கிக்குப் போயிருக்குமே என்று அடுத்த கேள்வி வரும். ஆக, அடைப்பு கேலிப்பருக்கு மேலே. ஒரு சில்லு மட்டும் பிடித்ததால் மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் எல்லாச் சில்லுக்கும் ஒயிலைத் தள்ளும் பாகத்தில்) சந்தேகம் குறைவு. மிஞ்சுவது அந்தச் சில்லுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்.

பழைய ஹோஸின் உள் ரப்பர் ஊதி, உரிந்து, ஒருவழிக் கதவு போல ஆகிவிடும். பெடலை மிதிக்கும் அழுத்தத்துக்கு ஒயில் உள்ளே போகும். காலை எடுத்ததும் அதைத் திருப்பி அனுப்ப அந்தளவு அழுத்தம் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சீலின் சின்ன இழுப்பு மட்டுந்தான் இருக்கிறது. பேட் டிஸ்க்கில் உரசியபடியே ஓடும், சூடேறும், புகையும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போல இருக்கும். எம்ஜிபிக்கு முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு ஒன்றுமாக மூன்று ஹோஸ். உங்கள் கராஜ் பில்லில் ஒன்றுகூட இல்லை. புதுக் கேலிப்பரைப் பழைய ஹோஸில் பூட்டியிருக்கிறார்கள். பதினான்கு மாதம் ஓடிய பிறகு கேலிப்பர் விற்றவரிடம் காசு கேட்கப் போகிறீர்கள்.

அதற்காக வியாபாரி தப்பிவிட்டார் என்றும் இல்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, அந்தப் பொருளையே விற்கும் வியாபாரி விவரணப்படி விற்றால் அது விற்பனைத் தரத்தில் இருக்க வேண்டும். பில்லில் எழுதிய ஒரு வருட வாரண்டி அந்த மறைமுக நிபந்தனையை அழித்துவிடாது, ஆகவே 'வாரண்டி முடிந்தது' என்பது முழுப் பதில் அல்ல. நீங்கள் பிராண்டைப் பெயர் சொல்லிக் கேட்டதால், 'இந்தத் தேவைக்குப் பொருந்தும் என்று அவரை நம்பினேன்' என்ற வாதம் போய்விட்டது. தரம் பற்றிய வாதம் மட்டும் மிஞ்சுகிறது. தரக்குறைவு விற்ற நாளிலேயே இருந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பதினான்கு மாதம் பாவித்த பின் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் இல்லை, நட்டஈடு மட்டுமே கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுவதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அதை விடுங்கள்.

இனி முக்கியமானது. வியாபாரி கேட்கிறார் என்று கேலிப்பரைப் பார்சல் பண்ணி அனுப்பவே கூடாது. இந்த மாதிரிக் கோரிக்கைகள் செத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாமான் கொழும்புக்குப் போகும், இரண்டு கிழமை கழித்து 'உள்ளுக்குத் துரு, தண்ணி கலந்த ஒயில் பாவிச்சிருக்கிறீங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். படத்திலிருப்பது உங்கள் கேலிப்பர்தானா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. பழையதைக் கொடுத்தால் புதியதில் கழிவு என்று மாற்று முறையில் விற்பவர்களிடம் நிலைமை இன்னும் மோசம்: சாமானைக் கையில் வாங்கியதும் அது அவர்கள் சொத்து, பட்டறையில் பிரித்துக் கழுவி அடுத்தவருக்குப் போய்விடும்.

கராஜில் விடுவதும் ஆபத்துத்தான். கராஜ்காரர் உங்கள் சாட்சி என்று நினைக்கிறீர்கள். பழைய ஹோஸை மாற்றாமல் விட்டவரும் அவரே, நாளைக்கு உங்கள் எதிராளியாகக்கூடியவரும் அவரே. 'சும்மா திறந்து பார்ப்பம்' என்று பிஸ்டனைக் காற்றடித்து வெளியே எடுத்து, எமரித் தாளால் தேய்த்து, புது சீல் போட்டுவிட்டால் வியாபாரிக்கு எதிராக உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. காட்டியிருக்கக்கூடிய சான்றை ஒருவர் காட்டாவிட்டால் அது அவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவிலேயே இது உதாரணமாக இருக்கிறது. அந்தப் பிரிவு உங்கள் பக்கமும் வெட்டும்.

ஆகவே இன்றைக்கே கராஜுக்குப் போய், வலது கேலிப்பர், அதன் பேட் இரண்டு, ஹோஸ், டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிய நிலையிலேயே வாங்குங்கள். கழுவக் கூடாது. ஹோஸ் குப்பைக்குப் போயிருந்தால் குப்பையில் தேடச் சொல்லுங்கள், கேலிப்பரைவிட உங்களுக்கு அதுதான் பெறுமதி. கேலிப்பரின் ஒயில் துவாரத்தை அடைத்து, வார்ப்பிலுள்ள எண்களும் அடையாளங்களும் தெரியப் படமெடுத்து, பையிலிட்டுக் கட்டி, திகதி எழுதி வீட்டில் பூட்டி வையுங்கள். பிரேக் ஒயில் டாங்கியிலிருந்து ஒயில் கொஞ்சம் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுத்து இறுக மூடுங்கள். டொட் 4 தரப் பிரேக் ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்குத் தரநிர்ணயம் கேட்பது 155 பாகை மட்டுமே. கடற்கரை ஊரில் ஈரம் இழுக்காத ஒயில் இல்லை. வியாபாரி 'உப்புக் காற்று' என்று சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பிஸ்டனின் குரோம் பூச்சு தூசி ரப்பருக்கு அடியில் பொத்துப்போவதற்கு வெளிக்காற்றும் காரணம், உள்ளே ஈரமான ஒயிலும் காரணம், பூச்சே மெல்லியதாக இருந்ததும் காரணமாகலாம். மூன்றில் எது என்பதுதான் வழக்கு.

அதைப் பிரித்துச் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. இடது கேலிப்பர். அதே பெட்டி, அதே ஒயில், அதே காற்று, அதே பதினான்கு மாதம், ஆனால் தீய்ந்து போகாதது. வலதில் சூட்டில் சீல் கருகியிருக்கும். முதலில் எப்படி இருந்தது என்று எந்த நிபுணராலும் துணிந்து சொல்ல முடியாது. இடதின் பிஸ்டனில் குரோம் பொங்கி உரிந்திருந்தால் வியாபாரி கொஞ்சம் இறங்கி வருவார். அது பளபளவென்று இருந்தால் அவருக்கு எதிரான வழக்கை அன்றைக்கே மூடிவிடலாம். வியாபாரிக்கும் கராஜ்காரருக்கும் பதிவுத் தபாலில் நாள் குறித்து அறிவித்து, இருவரையும் எதிரில் வைத்து, இவர்கள் எவரோடும் சம்பந்தமில்லாத தகைமையுள்ள மோட்டார் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு இரண்டையும் பிரியுங்கள், வலது ஹோஸை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். அவர்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, அறிவித்த துண்டு கையில் இருந்தால் போதும். பொறியியலாளரின் அறிக்கையில் நிப்பிள் விஷயமும் வரட்டும். மறைத்தால் கராஜ்காரரின் குறுக்கு விசாரணையில் அது வெளியே வரும், அப்போது உங்கள் முழுச் சாட்சியமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இதுவரை ஓடிய வாட்ஸ்அப் உரையாடல்கள், குரல் பதிவுகள் எதையும் அழிக்க வேண்டாம், போனை மாற்றவும் வேண்டாம். வியாபாரியின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதியிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும் சிவில் வழக்குக்கு இடமுண்டு. 165,000 ரூபா சாமானுக்கு வழக்காடப் போய் மானநட்ட வழக்கில் எதிராளியாக நிற்க வேண்டி வரும்.

12 இலட்சம் என்ற தொகையை யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது. ஒப்பந்த மீறலுக்கு மன உளைச்சல் கணக்கில் வராது. ஒரு கேலிப்பரின் விலை 82,500, டிஸ்க், பெயாரிங், லொறிக் கூலி, பொறியியலாளர் கட்டணம் எல்லாம் கூட்டினாலும் உண்மையான நட்டம் இரண்டரை இலட்சத்தைத் தாண்டாது. அந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் வராத சான்றிதழ் எடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். சபையைத் தாண்டிப் போவதற்காகத் தொகையை ஊதிக் காட்டுவது நீதிபதிக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இன்னொன்று: நீங்கள் கொழும்புக்குக் காசு அனுப்பினீர்கள், அவர் அங்கே பஸ்ஸில் ஏற்றினார். கொண்டுசெல்பவரிடம் கொடுத்தாலே, மறுதலையாக ஒன்றும் பேசியிராவிட்டால், வாங்குபவரிடம் கொடுத்ததாகச் சட்டம் கொள்ளும். எனவே 'திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் (இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம்) இல்லை' என்று முதல் தவணையிலேயே ஆட்சேபனை வரும். அது தீரும்வரை கேலிப்பரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கொழும்பில் வழக்காடினால் ஒவ்வொரு தவணைக்கும் பயணம், தங்கல், சட்டத்தரணி கட்டணம். வென்றாலும் கையில் ஒன்றும் நிற்காது.

நேராகவே சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். முதலில் கராஜ்காரரோடு பேசுங்கள். ஹோஸ் மாற்றாததற்கு அவரிடம் பதில் கிடையாது. ஆனால் அவர் மாற்றச் சொல்லி, நீங்கள் 'இப்ப வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பக்கமும் போகாதீர்கள். இதை நீங்கள் கடிதத்தில் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும். மூன்று புது ஹோஸ், டிஸ்க், பெயாரிங், கூலி அவர் பக்கம். ஒயில், லொறி உங்கள் பக்கம் என்று பேசலாம். இடது பிஸ்டன் கெட்டிருந்தால் மட்டும் வியாபாரியிடம் சோடிக்குப் பதில் சோடி, அல்லது பாதி விலை கேளுங்கள். பேச்சுவார்த்தைக் கடிதத்தின் தலைப்பில் 'உரிமைகளுக்குப் பங்கமின்றி' (பேச்சில் சொல்வதைப் பிறகு வழக்கில் ஒப்புதலாகக் காட்டாதிருக்க) என்று போடுங்கள். கையெழுத்திடும் உடன்படிக்கையில் 'எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்று எழுதித் தருவார்கள். அதில் பொருளின் விலையும் திருத்தச் செலவும் மட்டும் தீர்ந்ததாக இருக்கட்டும். புதிதாகத் தரும் கேலிப்பரால் நாளைக்கு விபத்து நடந்து யாராவது காயப்பட்டால் அந்த உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பேச்சு இழுபட்டால் நாளைக் கவனியுங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழிக்கு மூன்று, கவனயீனத்துக்கான நட்டஈட்டுக்கு இரண்டு. பில் ஒன்று இருப்பதாலேயே எழுத்து ஒப்பந்தம் ஆகிவிடாது, மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் புகை வந்த நாளிலிருந்து அல்ல, சாமானை ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். கராஜுக்கு எதிரான இரண்டு வருடத்தையும் பூட்டிய நாளிலிருந்தே எண்ணினால் பாதுகாப்பு. பதினான்கு மாதம் ஏற்கனவே போய்விட்டது.

கடைசியாக, மற்ற ஹோஸ்கள் மாற்றாத நிலையில் அந்தக் காரை வீதிக்கு எடுக்க வேண்டாம், நிலாவெளி வரைக்கும்கூட. 1970ஆம் ஆண்டு வலது கை ஸ்டியரிங் எம்ஜிபியில் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு சில்லில் ஒயில் கொதித்து ஆவியானாலும், ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு சில்லுக்கும் பிரேக் இல்லை. விபத்து நடந்தால் மோட்டார் வாகனப் பரிசோதகர் பிரேக்கைத்தான் முதலில் பார்ப்பார். குறைபாட்டை நீங்கள் முன்பே அறிந்திருந்தீர்கள் என்பதற்கு வியாபாரிக்கு அனுப்பிய உங்கள் வாட்ஸ்அப் செய்தியே சாட்சி. காப்புறுதி நிறுவனமும் வாகனத்தை ஓடத்தகு நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தூக்கிக்கொண்டு வரும்.