எர்லாங் கேள்வி-பதில்: ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் உள்ளே பாருங்கள்

கேள்வி: எங்கள் மெசேஜ் சர்வர் எர்லாங்கில் ஓடுகிறது. மெமரி ஏறிக்கொண்டே போவதால் தினமும் ராத்திரி ரீஸ்டார்ட் செய்கிறோம். காரணத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கருவி நல்லது?
- வாசகர், கோவை

பதில்: முதலில், இன்று ராத்திரி ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் தடயம் மொத்தமும் போய்விடும். எர்லாங் 1986 வாக்கில் எரிக்சன் ஆய்வுக்கூடத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை மனதில் வைத்து உருவான மொழி. எக்ஸ்சேஞ்சை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்க முடியாது. அதனால், ஓடுகிற சர்வருக்குள் ரிமோட் ஷெல் வழியாக நுழைந்து பார்க்கும் வசதியை மொழியோடு சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு வெளியே கருவி தேட வேண்டாம்.

ஷெல்லில் நுழைந்ததும் எர்லாங் மாட்யூலின் மெமரி ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். ப்ராசஸ் (எர்லாங்குக்குள் தனித்தனியாக ஓடும் சிறு வேலையாள்), பைனரி (மெசேஜ் போன்ற பைட் தொகுப்பு), ஆட்டம் (atom, நிரலில் பயன்படும் நிலையான பெயர்), இடிஎஸ் (மெமரியில் இருக்கும் அட்டவணை) என்று எதற்கு எத்தனை பைட் போகிறது என்று பிரித்துக் காட்டும். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். எது ஏறியிருக்கிறதோ அங்கேதான் வேலை. ஆட்டம் ஏறினால், வெளியிலிருந்து வரும் சரத்தை யாரோ ஆட்டமாக மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். வேண்டாத மெமரியைத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டர் ஆட்டங்களைத் தொடாது. வழக்கமான உச்சவரம்பு 10,48,576. அதைத் தாண்டினால் சர்வர் விழுந்துவிடும். ப்ராசஸ் ஏறினால் யாருடைய மெசேஜ் கியூ நீண்டிருக்கிறது என்று பாருங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஏறியது பைனரி. நாங்களும் உங்களைப் போலவே கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) போட்டு ராத்திரி ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தோம். ஒருநாள் மதியம் அதை நிறுத்திவிட்டு, பிரெட் ஹெபேர் எழுதிய ரீகான் லைப்ரரியின் பின்-லீக் ஃபங்ஷனை 5 என்ற எண்ணோடு கூப்பிட்டேன். அது எல்லா ப்ராசஸ்களிலும் கார்பேஜ் கலெக்ஷன் ஓடவிட்டு, யாரிடமிருந்து அதிகமான பைனரி விடுபட்டது என்று முதல் ஐந்து பேரைக் காட்டும். விடுபட்ட எண்ணிக்கை மைனஸில் வரும். நாலு பேருக்கு மைனஸ் பத்து, பதினைந்து. முதல் ஆளுக்கு மட்டும் ஆறு இலக்கத்தில் ஒரு மைனஸ் எண். அந்த ஆள், மெசேஜ்களை உரியவருக்குப் பிரித்து அனுப்பும் எங்கள் ரவுட்டர் ப்ராசஸ்.

விஷயம் இதுதான். 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரி எந்த ப்ராசஸுக்குள்ளும் இருக்காது. பொது இடத்தில் இருக்கும். தொட்டவர்களிடமெல்லாம் அதற்கு ஒரு சுட்டி மட்டும் இருக்கும். கடைசிச் சுட்டி போகும்வரை பைனரியும் போகாது. ரவுட்டரோ எல்லா மெசேஜையும் தொடுகிறது, தனக்கென்று ஒன்றும் செய்வதில்லை. தன் மெமரி நிரம்பாததால் அதற்கு கார்பேஜ் கலெக்ஷன் எப்போதோதான் ஓடும். அதுவரை பழைய மெசேஜ் எல்லாம் அதன் கையிலேயே. பாவம், அந்த ப்ராசஸைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சொந்த மெமரி சில கிலோபைட்தான்.

அன்றைக்கு, சில நிமிடத்துக்கு ஒருமுறை கார்பேஜ் கலெக்ஷனை நாமே கூப்பிடும்படி ஒரு வரி சேர்த்துச் சமாளித்தோம். அப்புறம் சரியான வழியாக, ரவுட்டர் வேலையாள் ப்ராசஸின் முகவரியை மட்டும் கொடுக்கட்டும், மெசேஜ் நேராக அங்கே போகட்டும் என்று மாற்றினோம். கிரானை எடுத்துவிட்டோம். உங்களுக்கும் பைனரிதான் ஏறுகிறது என்றால் பின்-லீக்கில் தொடங்குங்கள்.

கேள்வி: அப்சர்வர் எங்கள் சர்வரில் திறக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
- வாசகி, சென்னை

பதில்: அப்சர்வர், எர்லாங் சர்வரின் நிலையை ஜன்னல் திறந்து காட்டும் கருவி, திரை இல்லாத சர்வரில் அது ஓடாது. அப்சர்வர்-சிஎல்ஐ என்ற லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், டெர்மினலிலேயே பெரும்பாலான விவரங்களைக் காட்டும். இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பில் அதே குக்கியோடு (நோடுகள் பகிரும் ரகசியச் சொல்) ஒரு நோடைக் (ஓடும் எர்லாங் அமைப்பு) கிளப்பி, எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக இணையுங்கள். எர்லாங் நோடுகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் 4369 போர்ட்டை மட்டும் இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். குக்கி தெரிந்த எவரும் உங்கள் சர்வரில் எந்த நிரலையும் ஓட்டலாம்.

கேள்வி: நிரலை ஓட்டாமலே பிழை தேடும் டயலைசர் முதல்முறை ஓட ரொம்ப நேரம் எடுக்கிறது. அவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்?
- வாசகர், மதுரை

பதில்: நேரம் எடுப்பது முதல்முறைதான். லைப்ரரிகளை அலசிய முடிவை பிஎல்டி என்ற கோப்பாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை அதையே எடுத்துக்கொள்ளும்.

லாபத்துக்கு ஓர் உதாரணம். மேப்ஸ் மாட்யூலின் ஃபைண்ட் ஃபங்ஷன், சாவி கிடைத்தால் ஓகே என்ற ஆட்டத்தையும் மதிப்பையும் ஒரு டியூப்பிளாக (சேர்த்துக் கட்டிய ஜோடி) தரும். கிடைக்காவிட்டால் எரர் என்ற வெறும் ஆட்டம். பழக்கதோஷத்தில் நாம் அங்கேயும் எரர், காரணம் என்று டியூப்பிள் எழுதிவிடுவோம். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. டெஸ்டில் சாவி எப்போதும் இருக்கும். பிறகு ஒரு நாள் நள்ளிரவில் சாவி இருக்காது. டயலைசரோ, இந்த வடிவம் ஒருபோதும் பொருந்தாது என்று வரி எண்ணோடு சொல்லிவிடும். உப்சாலா பல்கலைக்கழகத்தில் உருவான கருவி அது. வீணாகப் புகார் சொல்லக் கூடாது என்பதே அதன் கொள்கை. அதனால் அது சொன்னால் நம்புங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக நிரல் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஜேசன் (JSON) தரவைப் படிக்க, எழுத எந்த லைப்ரரி? ஜிஃபியா, ஜேஎஸ்எக்ஸா?
- மாணவர், திருச்சி

பதில்: 2024இல் வந்த ஓடிபி 27 (எர்லாங் வெளியீட்டுத் தொகுப்பு) முதல் ஜேசன் மாட்யூல் மொழியோடேயே வருகிறது. புதிய வேலைக்கு அது போதும். பழைய ஓடிபியில் மாட்டிக்கொண்டிருந்தால் ஜேஎஸ்எக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அது முழுக்க எர்லாங்கில் எழுதியது. ஜிஃபி வேகமானது, ஆனால் உள்ளே சி நிரல். சி பக்கம் ஒரு பிழை வந்தால் விழுவது ஒரு ப்ராசஸ் இல்லை, மொத்த சர்வரும். எதை எடுத்தாலும் எர்லாங் பில்ட் கருவியான ரீபார்3 வழியாகச் சேருங்கள், ரீபார் லாக் கோப்பையும் கிட்டில் (Git) போடுங்கள்.